ஏரிக்கரைக்குப் போன சிம்மாசனம்

முன்னொரு காலத்தில், ஓலையைப் பார்த்து ஓலை எழுதியே ஆட்சி நடத்திய ஒரு நாடு இருந்தது. முதன்முதலில் எழுதிய மூலத்தைத் தேடிப் படித்தவர் யாருமில்லை. ஒருநாள் காலை அந்த நாட்டு மன்னருக்கு மூலத்தையே பார்த்தாக வேண்டிய நிலை வந்தது.

காரணம், அல்லியம்மை. பத்து வருஷமாக ஏரிக்கரைக்கு மண் சுமப்பவள். ஏரி வாரியத் தேர்தலில் குடத்துக்குள் கைவிட்டு எடுத்தபோது அவள் பெயர் எழுதிய ஓலை வந்தது. மறுநாளே அரண்மனைச் சுவடிகளைக் காக்கும் விழுப்பரையர் ஒரு சட்ட ஓலையை நீட்டிவிட்டார்: 'வாரியத்துக்குத் தகுதியுடையோர், கால் வேலி நிலம் உடையோர்.' அல்லிக்கோ குடிசை போட்ட இடமே சொந்தமில்லை.

சபையில் அவள் கைகூப்பினாள். "போன மழையில கரை உடைஞ்சு எங்க குடிசையெல்லாம் போச்சு சாமி. மேக்குக் கரை இப்பவும் கசியுது. நிலக்காரங்ககிட்ட சொன்னா காதுலயே வாங்கல. அதான் நானே நின்னேன்."

விகடகவி குழைக்காதன் எழுந்தான். "மன்னா, இந்த ஓலை பிரதியின் பிரதி. மூலத்தைப் பார்க்காமல் தேர்தலை ரத்து செய்யலாமா?"

விழுப்பரையர் கண்ணில் ஒரு மின்னல். மூலச் சட்டம் ஏரிக்கரையில் ஒரு பெரிய கல்லில் இருப்பது அவருக்குத் தெரியும். யானை கட்டி இழுத்தாலும் அசையாத கல். "அருமையான யோசனை, பெருமானே! நாளை உச்சிப் பொழுதுக்குள் ஏரிக்கரைக் கல்லில் இருக்கும் மூலம் தங்கள் சிம்மாசனத்தின் முன் நிற்கட்டும். இல்லையேல் இவள் தேர்தல் செல்லாது. விகடகவியும் நாட்டை விட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் மன்னர்.

மறுநாள் காலை. சபைக்கு வந்த மன்னர் உட்காரப் போனார். நல்லவேளை, ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சிம்மாசனம் இருந்த இடத்தில் நாலு கால்களின் தடம் மட்டும் இருந்தது.

"எங்கே என் ஆசனம்?"

காவலன் குனிந்து வணங்கினான். "ஏரிக்கரைக்குப் போயிருக்கிறது, மன்னா. தங்கள் ஆணை என்றார் விகடகவி. மண் சுமப்பவர்கள் நாற்பது பேர் தூக்கிப் போனார்கள்."

குதிரை பறந்தது. பின்னாலேயே சபையும் ஓடியது.

கல்லுக்கு எதிரே சிம்மாசனம். பக்கத்தில் குடையோடு குழைக்காதன். பின்னால் அல்லியும் அந்த நாற்பது பேரும்.

"கல் ஆறடி மண்ணுக்குள் புதைந்திருக்கிறது, மன்னா. சிம்மாசனத்துக்கு அந்தத் தொல்லை இல்லையே! இதோ, தங்கள் ஆசனத்தின் முன் மூலம் நிற்கிறது."

மன்னரின் மீசை துடித்தது. கோபமா, சிரிப்பா? யாருக்கும் புரியவில்லை.

விழுப்பரையர் கல்லைப் படித்தார். ஓலையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. "மூலமும் இதையேதான் சொல்கிறது! மூட்டை கட்டும், விகடகவியாரே!"

குழைக்காதன் கல்லின் அருகே குனிந்தான். கடைசி வரியை விரலால் தடவினான். சாசனம் முடியும் இடத்தில் சின்னதாக ஒரு விளக்கைச் செதுக்குவது அந்த நாட்டுக் கல்தச்சர்களின் வழக்கம். இங்கே விளக்கைக் காணோம்.

"மன்னா! சட்டம் இன்னும் முடியவில்லை!"

கல்லின் பின்பக்கம் முழுக்க ஏரித் தண்ணீர். அவன் யோசிப்பதற்குள் அல்லி குதித்துவிட்டாள். கழுத்தளவு நீரில் நின்று, தண்ணீருக்கு மேலே கல்லை மூடியிருந்த பாசியை வைக்கோலால் தேய்த்தாள். "ஐயா, எழுத்து இருக்கு! எனக்குப் படிக்கத் தெரியாது, சீக்கிரம் வாங்க!"

குழைக்காதன் இறங்கினான். உரக்கப் படித்தான். "'அன்றியும், மூன்று மழைக்காலம் இக்கரைக்கு மண் சுமந்தோரும் தகுதியுடையோர்.' கீழே விளக்கும் இருக்கிறது, மன்னா!"

மன்னர் தாமே இறங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "விழுப்பரையரே, முதல் பிரதி எழுதியவர் யார்?"

"என்... என் பாட்டனார், பெருமானே."

"தம் கால் நனையக் கூடாதென்று அவர் ஊரையே நனைய விட்டிருக்கிறார்!" மன்னர் சிரித்த சிரிப்பில் கொக்குகள் எழுந்து பறந்தன. "புதுப் பிரதியை நீரே எழுதும். அங்கேயே, தண்ணீரில் நின்று!" தம் முத்துமாலையைக் கழற்றிக் குழைக்காதன் கழுத்தில் போட்டார்.

அல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது. "உங்களுக்கு என்ன கைம்மாறு செய்வேன் ஐயா?"

"எனக்கெதுக்கம்மா? உன்னை மாதிரி ஆளுங்களுக்காக இந்தப் பக்கமும் ஒருத்தன் உளி பிடிச்சிருக்கானே, அவனுக்குச் சொல்லு. பேர்கூடப் போட்டுக்கலை." இருவரும் ஈரத்தோடு கல்லைக் கும்பிட்டார்கள்.

நாற்பது பேரும் சிம்மாசனத்தைத் தூக்கக் குனிந்தார்கள்.

"அதை அப்புறம் தூக்கலாம்" என்றாள் அல்லி. "முதல்ல மேக்குக் கரைக்கு மண்ணு."

எல்லோரும் மன்னரைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பார்க்கிறீர்கள்? வாரியத்தின் உத்தரவு!" மன்னர் மறுபடி சிரித்தார். பொழுது சாயும்வரை கரையிலேயே உட்கார்ந்திருந்தார்.