காத்தாயி ஊறவைத்த மருந்து

கரட்டுக் காட்டில் காத்தாயி என்றொரு கரடி இருந்தாள். தேன் பழசாகப் பழசாக மருந்தாகும் என்பது அவள் குலத்தில் பால்குடிக் குட்டிக்கும் தெரிந்த சேதி. தேனுக்குச் சரியானது மூலிகைப் பொடிக்கும் சரி என்று இவளாக முடிவு கட்டிக்கொண்டதுதான் வினை.

ஒரு வருஷம் சரிவெல்லாம் தூதுவளை கொழுத்துக் கிடந்தது. இருமலுக்கு ஆகும் கொடி அது. காத்தாயி ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி, காயவைத்து இடித்து, சுரைக்குடுக்கையில் அடைத்தாள். குகையில் தண்ணீர் கசியும் மூலையில், தேனடைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

நெடுவாலன் என்ற கருங்குரங்கு அதைப் பார்த்தான். பொடி ஈரத்தில் நிற்காது, ஒரு மழை தாண்டினாலே கெட்டுவிடும், இப்போதே எல்லாருக்கும் கொஞ்சம் கொடுத்துவிடு என்று படித்துப் படித்துச் சொன்னான்.

"ஊறட்டும், விடுப்பா. ஊற ஊறத்தான் வீரியம்," என்றாள் காத்தாயி.

இடித்த பொடி எங்கே ஊறும்? நமத்துத்தான் போகும். யார் சொல்லி அவள் கேட்டாள்!

மூன்று மழைக்காலம் போனது. அவளுடைய ஒரே குட்டி சிட்டுவுக்கு இருமல் வந்து, மூச்சு இழுக்கத் தொடங்கியது. காத்தாயி கலங்கவில்லை. குடுக்கையைத் திறந்தாள். குப்பென்று ஒரு காட்டமான நாற்றம் மூக்கில் ஏறியது. நன்றாக ஊறியிருக்கிறது என்று பூரித்துப்போய், இருட்டிலேயே தேனில் குழைத்து ஊட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் சிட்டு குடல் வெளியே வருவதுபோல் வாந்தி எடுத்தாள். கண் செருகியது. காத்தாயி குடுக்கையை வெளிச்சத்துக்கு இழுத்துக் கவிழ்த்தாள்.

பச்சைப் பூஞ்சணம். அதற்குள் கொத்துக் கொத்தாகப் புழு. இதையா பெற்ற பிள்ளைக்கு ஊட்டினோம் என்று குடுக்கையை வீசி எறிந்தாள்.

பச்சை இலை பறிக்கச் சரிவுக்கு ஓடினாள். அங்கே ஒரு தூதுவளை இலைகூட இல்லை.

"வேரோட நீதானே பிடுங்குன, அக்கா?" என்றான் பின்னாலேயே வந்த நெடுவாலன்.

குட்டியை அவனிடம் விட்டுவிட்டு அடுத்த மலைக்கு ஓடினாள். முள் கிழித்த வாயில் ஏழே ஏழு இலைகளோடு உச்சிப்பொழுதில் திரும்பினாள். கசக்கிச் சாறெடுத்துக் குட்டியிடம் நீட்டினாள்.

சிட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டு, குகைச் சுவரோடு ஒண்டினாள்.

"வேணாம்மா. நீ குடுத்தா வயிறு வலிக்குது."

காத்தாயியின் கை அப்படியே நின்றுவிட்டது. நெடுவாலன் அந்தச் சாற்றை வாங்கி நீட்டியதும் குட்டி மறுபேச்சில்லாமல் குடித்தாள். இரண்டு நாளில் மூச்சு சீரானது. அம்மா கையால் ஒரு வாய் தேன் வாங்கித் தின்ன அவளுக்கு ஒரு மாதம் ஆனது.

மருந்துக்கும் ஆயுள் உண்டு. எப்படி வைப்பது, எத்தனை நாள் தாங்கும் என்று அறியாமல் சேர்த்து வைப்பவர் கையில் அது விஷமாகத்தான் மாறும்.