ஏழாம் எண் தட்டு

முப்பத்து நான்கு ஆண்டுகள் அறுவை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற அரங்கநாயகம், தம்மைவிடப் பத்தொன்பது வயது இளையவரான நுண்ணுயிர் ஆய்வாளர் குழல்மொழியிடம் மாணவராகச் சேர்ந்தார். ஊருக்கு வெளியே, சோளக்காட்டை ஒட்டியிருந்தது அந்த அம்மையாரின் ஆய்வுக்கூடம்.

அரங்கநாயகம் வந்ததற்குக் காரணம் இருந்தது. பணியின் கடைசி ஆண்டில் அவருடைய நோயாளி ஒருத்தி, எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத கிருமியால் இறந்துபோனாள். கை சுத்தம், கத்தி சுத்தம், அறை சுத்தம். ஆனாலும் இறந்தாள்.

“புதிய மருந்து எங்கே கிடைக்கும்?” என்று முதல் நாளே கேட்டார்.

“பழைய மருந்துகள் எங்கே கிடைத்தன?” என்றார் குழல்மொழி.

“பெரும்பாலும் மண்ணில். மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் செய்தவை.”

“அப்புறம்?”

“மண்ணை எல்லோரும் தோண்டிவிட்டார்கள், அம்மா.”

“சரி. நீங்கள் வயிற்றைத் திறந்து பழகியவர். குடலைத் தோண்டுங்கள்.”

பன்னிரண்டு பேரிடம் மல மாதிரி வாங்கினார்கள். ஓர் ஆள் குறைந்தது, அரங்கநாயகமே கொடுத்தார். பெயர்ப் பட்டியலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, எண்களை மட்டும் அவரிடம் தந்தார் குழல்மொழி.

அரங்கநாயகம் மாதிரிகளை, கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டுகளில் தடவி, இன்குபேட்டரில் வைத்தார். இரண்டாம் நாள் எடுத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். மூன்றாம் நாள் தட்டுகளை அவித்துக் கொட்டிவிட வேண்டும். மருத்துவமனையில் அதுதான் வழக்கம். இரண்டு நாளில் முளைக்காத ஒன்று அவரைப் பொறுத்தவரை கிடையவே கிடையாது.

அவித்துக் கொட்டுவது பூவாயியின் வேலை. கூடத்தைக் கூட்டுவதும், தட்டு கழுவுவதும், மிஞ்சிய பொழுதில் பின்கட்டில் கீரையும் வெள்ளரியும் போடுவதும் அவள்தான். தட்டுகளை வைத்த மறுநாளே அவள் வீட்டில் ஒரு சாவு. எட்டு நாள் வரவில்லை. தட்டுகள் அப்படியே கிடந்தன.

திரும்பி வந்த அன்று காலையில் அவள் இன்குபேட்டரைத் திறந்தாள். பின்னால் நின்ற அரங்கநாயகத்தின் முகம் சுருங்கியது. ஏழாம் எண் தட்டில் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெள்ளைப் புள்ளிகள். மூடியைச் சற்றே நகர்த்தினார். முதல் மழை விழுந்த நிலத்தின் வாசனை வந்தது.

“மண்! மண் கிருமி! என்ன காரியம் செய்தாய்?”

“தட்டு வெச்ச அன்னிக்கும் காலக் கழுவீட்டுத்தானுங்க உள்ள வந்தேன், டாக்டரய்யா.”

“உன் குதிகால் வெடிப்பில் அரை ஏக்கர் இருக்கிறது.”

“அரை ஏக்கர் இருந்தா நான் ஏனுங்க இங்க தட்டுக் கழுவறேன்?”

அரங்கநாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அரை மணி நேரத்தில் ஒரு கடிதத்தோடு குழல்மொழியின் முன் நின்றார். ‘இந்த அறைக்குள் மண்ணைக் கொண்டுவந்தவர் பூவாயி. இவரை இனி இங்கே பணியில் வைத்திருக்கக் கூடாது.’

குழல்மொழி படித்துவிட்டுக் கேட்டார். “எதையும் தடவாத வெறும் தட்டு ஒன்று பக்கத்தில் வைத்திருந்தீர்களா?”

“இல்லை. அந்தப் பழக்கமில்லை.”

“இதை வேறு தாளில் எழுதுங்கள். பெயர் வரும் இடத்தை மட்டும் காலியாக விடுங்கள்.”

எழுதிக் கொடுத்தார். அடியில் குழல்மொழி கையெழுத்துப் போட்டார்.

“கையெழுத்து முதலிலும் பெயர் பிறகுமா?” என்றார் அரங்கநாயகம்.

“தீர்ப்பு முதலிலும் சோதனை பிறகும் வரலாமென்றால், இதுவும் வரலாம். குளிர்பெட்டியில் மிச்ச மாதிரி இருக்கிறது. எல்லாவற்றையும் நீங்களே செய்யுங்கள். நீங்களே கழுவுங்கள், நீங்களே கூட்டுங்கள், சாவியும் உங்களிடமே இருக்கட்டும். பூவாயி வாசற்படி தாண்ட மாட்டாள். பத்து நாள்.”

“இரண்டு நாள் போதாதா?”

“உங்கள் அவசரம் அதற்குத் தெரியாது.”

அன்றிலிருந்து அரங்கநாயகம் அறையைக் கூட்டினார். தரையை மூன்று முறை துடைத்தார். முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவிய பிறகே தட்டைத் தொட்டார். பன்னிரண்டு தட்டுகளோடு பதின்மூன்றாவதாக ஒரு வெறும் தட்டும் வைத்தார். சன்னல் வழியே பார்த்தால் பூவாயி பாத்தியில் குனிந்திருப்பாள். ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் ஏழாம் தட்டில் புள்ளி இல்லை. அவர் தலையசைத்துக்கொண்டார். ஐந்தாம் நாளும் இல்லை.

எட்டாம் நாள் இருந்தது.

பத்தாம் நாள் இரண்டு தட்டுகளைக் குழல்மொழியின் மேசையில் வைத்தார். வெறும் தட்டு வெறுமையாகவே இருந்தது. ஏழாம் தட்டில் அதே சுண்ணாம்புப் புள்ளிகள்.

“பூவாயி இல்லை,” என்றார் மெதுவாக. “மாதிரி கொடுத்த ஆள்தான் மண்ணைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். சுத்தம் தெரியாத ஆள்.”

“இருக்கலாம். புள்ளியைச் சுற்றி என்ன இருக்கிறது?”

“ஒன்றுமில்லை.”

“ஒன்றுமில்லாதது எப்படி வட்டமாக இருக்கும்?”

அரங்கநாயகம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். தட்டு முழுவதும் வேறு கிருமிகள் மண்டிக் கிடந்தன. வெள்ளைப் புள்ளி ஒவ்வொன்றையும் சுற்றி மட்டும், அளந்து வெட்டியதுபோல், தெளிவான ஒரு வளையம். அதற்குள் எதுவும் முளைக்கவில்லை.

நெடுநேரம் அவர் நிமிரவில்லை.

“கொல்கிறது,” என்றார். “அம்மா, இது மருந்து செய்கிறது. இதைத் தேடித்தானே நான் வந்தேன்?”

“ஆமாம். கிடைத்ததும் கடிதம் எழுதினீர்கள்.”

“இந்த ஏழாம் ஆள் யார்?”

குழல்மொழி அலமாரியைத் திறந்து பட்டியலை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தார். ஏழு என்ற எண்ணுக்கு எதிரே அரங்கநாயகம் என்ற பெயர் இருந்தது.

அரங்கநாயகம் தம் கைகளைப் பார்த்துக்கொண்டார். கழுவிக் கழுவி அவை வெளுத்திருந்தன.

“நான் எதையும் கழுவாமல் தின்றதில்லையே.”

வாசற்படிக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. பூவாயி எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. “டாக்டரய்யா மத்தியானம் திங்கிற வெள்ளரிப்பிஞ்சு நம்ம பாத்தியிலதானுங்க. நாலு தண்ணியில அலசித்தான் குடுப்பேன்.”

“நாலு தண்ணிக்குப் பிறகும் போகவில்லையா?”

“தண்ணி என்ன பண்ணுமுங்க? காய் மண்ணு மேலதானே கெடந்து வளருது.”

அவர் குழல்மொழியைப் பார்த்தார். “இது என் குடலில் குடியிருக்கிறதா, வந்துபோகிறதா?”

“தெரியாது. இன்னும் பல பத்து நாள்கள் காத்திருந்தால் தெரியலாம். நோயாளிக்கு உதவுமா என்பது அதற்கும் பிறகு.”

“முப்பத்து நான்கு ஆண்டுகள்,” என்றார் அரங்கநாயகம். “எத்தனை தட்டுகளை மூன்றாம் நாள் கொட்டச் சொன்னேன்!”

குழல்மொழி பட்டியலை மறுபடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

“என்னய நிறுத்தற கடுதாசி போயிருச்சுங்களா, அம்மணி?” என்று கேட்டாள் பூவாயி. அவள் கையில் துடைப்பம் இருந்தது. உள்ளே வருவதா திரும்பிப் போவதா என்று தெரியாமல் நின்றாள்.

குழல்மொழி மேசை இழுப்பறையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். அரங்கநாயகம் அவசரமாகக் கை நீட்டினார்.

“கொடுங்கள் அம்மா. கிழித்துவிடுகிறேன்.”

“ஏன்? எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லையே.” தாளை அவர் முன் வைத்து, பேனாவை அதன்மேல் வைத்தார். “கையெழுத்து அன்றைக்கே போட்டாகிவிட்டது, டாக்டர். பெயர்தான் பாக்கி.”