காந்தல் தின்ற அரசி

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில், கோட்டைக் காவலர்கள் வாயில் ஒரு மிளகை அடக்கிக்கொண்டுதான் காவலுக்கு நிற்பார்கள். கொட்டாவி வராமல் இருக்க அந்நாட்டு அரசரின் பாட்டனார் செய்த ஏற்பாடு அது. பாட்டனார் போய்ச் சேர்ந்தார், மிளகின் காரணமும் மறந்துபோனது, வழக்கம் மட்டும் நின்றுவிட்டது. அந்தக் காரணத்தைத் தேடிப் பிடித்துச் சபையில் சொன்னவன் நல்லாண்டான் என்ற விகடகவி.

அவனுக்கு அதுவே வேலை. மேற்கு வாசல் ஏன் அவ்வளவு குள்ளம் என்பதற்கு, கட்டிய கொத்தன் தன் உயரத்துக்கு அளவெடுத்துவிட்டான் என்று கண்டுபிடித்துச் சொன்னவனும் அவன்தான். தினமும் காலையில் சபை கூடியதும் இப்படி ஒன்றைச் சொல்வான். அரசி அலங்காரவல்லி இறந்ததிலிருந்து மூன்று வருடமாகச் சிரிப்பையே மறந்திருந்த அரசர், இதை மட்டும் தலை நிமிர்த்திக் கேட்பார்.

இது சிங்கராயப் புலவருக்குப் பொறுக்கவில்லை. அரசகுலத்தின் புகழையெல்லாம் மெய்க்கீர்த்தியாக எழுதிவைப்பவர் அவர். முன்பெல்லாம் அவர் பாட்டோடுதான் சபை தொடங்கும். இப்போது மிளகும் கொத்தனும் முந்திக்கொண்டார்கள்.

அரசியின் மூன்றாம் ஆண்டு நினைவு நாள் நெருங்கியது. அவள் வெட்டுவித்த குளக்கரையில் ஒரு கல் நாட்ட வேண்டும் என்றார்கள். என்ன பொறிப்பது என்று சிங்கராயர் தம் ஓலைகளைப் படித்துக் காட்டினார். மலர்மகள் போன்றவள், நிலமகள் போன்றவள், கற்பில் அருந்ததி என்று போயிற்று அது. அரசர் பாதியிலேயே கையமர்த்தினார்.

"என் தாய்க்கும் இதைத்தான் எழுதினீர். அவர் மாமியாருக்கும் உம் தந்தை இதைத்தான் எழுதியிருக்கிறார். இதில் அவள் எங்கே இருக்கிறாள்? அவள் குரல்கூட எனக்கு மறந்துகொண்டு வருகிறது, புலவரே. எந்த ஓலையிலும் இல்லாத ஒன்று அந்தக் கல்லில் இருக்க வேண்டும்."

சிங்கராயர் முகம் கறுத்தது. ஆனாலும் சட்டென்று சமாளித்துக்கொண்டார். ஓலையில் இல்லாததைத் தேடுவதில் நல்லாண்டானை மிஞ்ச ஆள் இல்லை, அவனிடமே ஒப்படைக்கலாம் என்றார். கல்லில் வரும் எதுவும் எந்த ஓலையிலும் இருக்கக் கூடாது, பொய் புகுந்துவிடாமல் ஒவ்வொரு செய்திக்கும் சாட்சியும் வேண்டும். தவறினால் அவன் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்றும் சொன்னார். அரசர் அரசியின் நினைவிலேயே இருந்தார், அப்படியே ஆகட்டும் என்று சொல்லிவிட்டார்.

நல்லாண்டான் ஒரே ஒரு சந்தேகம் கேட்டான். எந்த நாள் வரைக்குமான ஓலை?

"கல்லின் திரையை விலக்கும் வேளை வரைக்கும்" என்றார் சிங்கராயர்.

நல்லாண்டான் கும்பிட்டு ஒப்புக்கொண்டான்.

மறுநாளிலிருந்து அவன் அரசியோடு பழகியவர்களைத் தேடிப் போனான். மடைப்பள்ளிக்குப் போனான், யானைக்கொட்டிலுக்குப் போனான். பழக்கடைக்குப் போனபோது கூடவே அவன் மனைவி பூங்காவும் இருந்தாள். பழம் விற்கும் செவ்வந்தி, அரசி அடிக்கடி பல்லக்கை நிறுத்தித் தன்னிடம் பேசுவாள் என்றாள்.

"மகராசிக்கு தெக்குச் சீமைப் பேச்சு. வாழைப்பழம்னு வராது, வாளப்பளம்னுதான் வரும். ராசா முன்னாடி மட்டும் நாக்கை மடிச்சு மடிச்சுச் சரியாச் சொல்லிப் பழகுவாக. என்கிட்டதான் வந்து சொல்லிப் பாப்பாக. நான் சிரிச்சா, அவுகளும் சிரிப்பாக."

சொல்லிவிட்டு அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் பூங்கா அவன் கையைக் கிள்ளினாள். "உங்க பின்னாலேயே ஒருத்தன் ஓலையும் எழுத்தாணியுமாச் சுத்துறானே, தெரியுதா? சிங்கராயர் வீட்டு ஆளு."

"தெரியும். அதனாலதான் எல்லாரையும் கொஞ்சம் சத்தமாப் பேசச் சொல்றேன்."

"நாளைக்கு ஊரை விட்டுப் போகச் சொன்னா எங்க போறது?" என்று அவள் கேட்டாள். அவன் அவள் தோளைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே நடந்தான்.

நினைவு நாளன்று குளக்கரையில் சபை கூடியது. கல்லைப் பட்டுத் துணி மூடியிருந்தது. ஓரமாக மடைப்பள்ளியாரும் பாகனும் செவ்வந்தியும் சாட்சிக்கு நின்றார்கள். திரையை விலக்க நல்லாண்டான் எழுந்தபோது சிங்கராயர் குறுக்கிட்டார். தம்மிடம் புதிதாக இருபத்தேழு ஓலைகள் இருப்பதாகவும், அவற்றில் உள்ள எதுவும் கல்லில் இருக்கக் கூடாது என்பதால் முதலில் தாம் படித்துவிடுவதாகவும் சொன்னார்.

படித்தார். அரசியார் மடைப்பள்ளிக்கு வந்து, சட்டியின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டி உண்டார். மாளிகைப் படி ஏறும்போதெல்லாம், இருபது வருடம் ஏறிய படிதான் என்றாலும், ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டே ஏறினார். மயிலைக் கண்டால் அஞ்சி யானையின் பின்னால் ஒளிந்தார். அதிகம் சிரித்தால் அவருக்கு விக்கல் எடுக்கும். வாழைப்பழத்தை வாளப்பளம் என்று அருளிச்செய்தார்.

அந்த இடத்தில் அரசர் முகத்தை மூடிக்கொண்டார். சிங்கராயர் படிப்பதை நிறுத்தினார். வெற்றி பெறத்தான் வந்திருந்தார், ஆனால் இத்தனை வருடத்தில் தம் பாட்டுக்கு யாரும் இப்படிக் கண்ணீர் விட்டதை அவர் பார்த்ததில்லை.

"மேலே படியும்" என்றார் அரசர். முடிவு வரைக்கும் கேட்டார். பிறகு நல்லாண்டானைப் பார்த்து, இனி எழுத மீதி என்ன இருக்கிறது என்று வருத்தத்தோடு கேட்டார்.

அவன் திரையை விலக்கினான். கல்லில் ஒரே ஒரு செய்திதான் இருந்தது.

'அரசி அலங்காரவல்லி காந்தல் தின்ற கதையை, சிங்கராயப் புலவர் தம் ஓலையில் எழுதி, அரசர் கேட்கப் படித்தார்.'

அரசர் அதை இரண்டு முறை படித்தார். "புலவரே, இது உமது ஓலையில் உண்டா?"

சிங்கராயர் ஓலைக்கட்டைப் பார்த்தார். காந்தல் இருந்தது, தாம் அதைப் படித்துக் காட்டிய செய்தி இல்லை. "இல்லை, அரசே."

"பொய்யா?"

"பொய்யும் இல்லை."

"சாட்சி?"

"தாங்களும் இந்தச் சபையும்" என்றான் நல்லாண்டான்.

அரசருக்கு முதலில் உதடு துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. மூன்று வருடமாகக் கேட்காத சிரிப்பு குளக்கரையில் எழுந்தது. சிரித்து ஓய்ந்த பிறகு, புலவர் எழுதாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டார்.

"கல்தச்சன் பட்டறையில் இன்னொரு கல்லும் உண்டு, அரசே. அடியேன் கேட்டுச் சேர்த்த இருபத்தேழும் அதில் பொறித்தாகிவிட்டது. ஆனால் அடியேன் சொன்னால் விகடம் என்று சிரித்துவிட்டுப் போவார்கள். புலவர் எழுதினால்தான் நம் காலத்துக்குப் பிறகும் அது வரலாறாக நிற்கும்."

சிங்கராயர் தலை குனிந்தார். ஆள் வைத்துத் திருடி எழுதியதை அவரே ஒப்புக்கொண்டார். அரசர் கோபிக்கவில்லை. தம் தோளில் இருந்த பட்டுச் சால்வையை எடுத்து நல்லாண்டானுக்குப் போர்த்தினார், குளத்தின் தென்கரைத் தோட்டத்தையும் வீட்டையும் அவனுக்கும் பூங்காவுக்கும் கொடுத்தார். பிறகு அங்கேயே, குளத்தின் படியில், எல்லோரோடும் சமமாக உட்கார்ந்துகொண்டார்.

"என்னிடமும் ஒன்று இருக்கிறது. நான் தாமதமாக வந்தால் அவள் கோபத்தில் தூங்குவது போலப் படுத்திருப்பாள். கண் மூடியிருக்கும், மூச்சும் சீராக வரும். கால் பெருவிரல் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். இதற்குச் சாட்சி யாரும் இல்லை."

யாரும் சொல்லாமலே சிங்கராயர் ஒரு புது ஓலையை மடியில் வைத்து எழுத்தாணியை எடுத்திருந்தார். எழுதிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் கை நிறுத்தி நிமிர்ந்தார்.

"வலது காலா, இடது காலா, அரசே?"