வெள்ளைப் பாறையில் விழுந்த நிழல்

ஒரு காட்டின் ஓரமாக ஆறு ஒன்று ஓடியது, குழந்தைகளே. இக்கரை புலியின் காடு. அக்கரை காட்டெருமைகளின் காடு. இரண்டு கரைக்கும் தலைமுறைப் பகை.

ஒரு கோடையில் அந்த ஆறு வற்றியது. இக்கரையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அக்கரைச் சுனையில் மட்டும் நீர் இருந்தது. காட்டெருமைகள் கொம்பை நீட்டிக் காவல் நின்றன.

"என் குட்டிக்கு நாக்கு வறண்டு கிடக்கிறது, அரசே!" என்று தாய்மான் ஒன்று கதறியது.

புலி கருமந்தியை அழைத்தது. மாலை வெயிலில் கைநிழல் காட்டிக் கதை சொல்வதில் கருமந்தி கெட்டிக்காரி. அக்கரையில் நின்ற வெள்ளைப் பாறைதான் அவளுக்குத் திரை.

"என் வீரத்தைக் காட்டு. பயந்து வழிவிடுவார்கள்" என்றது புலி.

"பயந்தால் இன்னும் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள், அரசே. நான் மானின் கதையைக் காட்டுகிறேன்."

அன்று மாலை பாறையில் ஒரு மானின் நிழல் தெரிந்தது. அது சேற்றை நக்கி, அந்த ஈர நாக்கால் குட்டியின் வாயைத் தடவியது.

காட்டெருமைத் தலைவியின் கண் கலங்கியது. "போன பஞ்சத்தில் நானும் என் கன்றுக்கு இப்படித்தான் செய்தேன்" என்றாள். "வாருங்கள், வந்து குடியுங்கள்."

மான்குட்டி வயிறு முட்டக் குடித்தது.

"பலே! வழி திறந்துவிட்டது. இனி என் பசிக்கும் கவலையில்லை" என்றது புலி.

"வேண்டாம் அரசே, நம்மை நம்பி வழிவிட்டிருக்கிறார்கள்!" என்று தடுத்தாள் கருமந்தி.

பாவி, கேட்டால்தானே! மான்களோடு மானாகப் பதுங்கிப் போய், தலைவியின் கன்றையே கவ்விக்கொண்டு வந்தது. அன்றே வழி அடைபட்டது.

அடுத்த கோடையிலும் ஆறு வற்றியது. தாய்மானின் புதுக்குட்டி எழ முடியாமல் துவண்டு கிடந்தது. கருமந்தி இந்த முறை கையைத் தூக்கவில்லை. தாயையும் குட்டியையும் அப்படியே வெயிலில் இருக்கவிட்டாள். அவற்றின் நிழல் பாறையில் விழுந்தது.

"நன்றாக நடிக்கிறார்கள்" என்றாள் காட்டெருமைத் தலைவி.

"ஐயோ, இது நடிப்பில்லை, தாயே!" என்று மான் அலறியது.

"போன வருஷமும் நம்பினேன். என் கன்றுதான் போயிற்று."

அவள் கொம்பைத் தாழ்த்தி வழியை மறித்து நின்றாள். பாறையில் குட்டியின் நிழல் கடைசிவரை அசையவில்லை. பிறகு வெயிலும் போய்விட்டது.

நீதி: கதை சொல்லிப் பெற்ற நம்பிக்கையை நடத்தையால்தான் காக்க முடியும்.