நரியை நோக்கி ஓடிய முயல்

"என் முயல் தப்பான திசையில் ஓடுகிறது, அக்லாயா மக்சீமவ்னா" என்றான் யெஃபீம். மை காயாத தாளை நீட்டினான்.

லெனின்கிராடின் அந்த அச்சுக்கூடத்தில், குழந்தைகளின் படப்புத்தகங்களை ஓவியர்களே கல்லில் வரைவார்கள். கல்லில் இருப்பது தாளில் இடம் வலம் மாறி விழும். அதனால் எதையும் திருப்பித்தான் வரைய வேண்டும்.

யெஃபீம் மறந்துவிட்டான்.

முதல் பக்கத்தில் நரி பாய்கிறது. அடுத்த பக்கத்தில் முயல் வலப்பக்கமாகத் தப்பி ஓட வேண்டும். தாளிலோ அது இடப்பக்கம் திரும்பி, நரி இருந்த பக்கத்துக்கே ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன ஓவியரே, நரி விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறதா?" என்று சிரித்தார் அச்சுக்காரர் புரோகர்.

அது யெஃபீமின் முதல் புத்தகம். கல்லைத் தேய்த்துவிட்டுப் புதிதாக வரைய நேரமில்லை. மாலைக்குள் அச்சேறாவிட்டால் வேலை வேறொருவர் கைக்குப் போய்விடும். அவன் பழையபடி கடைப் பலகை எழுதப் போக வேண்டியதுதான்.

மூத்த ஓவியர் அக்லாயா தாளை வாங்கிப் பார்த்தார். அவர் வரைந்த கரடி தலையணைக்கடியில் இருந்தால்தான் தூங்குவேன் என்று அடம்பிடிக்கும் குழந்தைகள் அந்த ஊரில் ஏராளம். அவரும் சிரிக்கப்போகிறார் என்று யெஃபீம் தலைகுனிந்து நின்றான்.

அவர் சிரிக்கவில்லை.

"நன்றாக ஓடுகிறது."

"நரியிடம்!"

"ஆமாம். பயந்துகொண்டே ஓடுகிறது. காதுகளைப் பாருங்கள்."

யெஃபீம் தாளின் மேல் குனிந்து காதுகளைப் பார்த்தான்.

"இந்தப் பக்கத்துக்கான பாட்டு என்ன சொல்கிறது?"

"முயல் ஓடியது, ஓடியது. அவ்வளவுதான்."

"எங்கே?"

"அதைச் சொல்லவேறு வேண்டுமா? நரியைக் கண்ட எந்த முயலும் எதிர்ப்பக்கம்தானே ஓடும்!"

"இது ஓடவில்லையே. ஏன்?"

"வரைந்தவன் முட்டாள். அதனால்தான்."

"குழந்தைக்கு உங்களைத் தெரியாது, யெஃபீம். முயலை மட்டும்தான் தெரியும்."

நரி வரையப்பட்ட கல் இன்னும் அச்சேறாமல் பக்கத்து மேசையில் கிடந்தது. அக்லாயா ஒரு மெழுகுப் பென்சிலை எடுத்து அதன் ஓரத்தில் வைத்தார்.

"முயல் அங்கே யாரை விட்டுவிட்டு வந்தது?"

யெஃபீம் முயலைப் பார்த்தான். நரியைப் பார்த்தான்.

பிறகு கல்லின் மேல் குனிந்தான். நரியின் முதுகுக்குப் பின்னால், புதருக்கடியில், ஒரு முயல்குட்டியின் இரண்டு காதுகளை வரைந்தான்.

எட்டிப் பார்த்த புரோகரின் சிரிப்பு நின்றுபோனது. தாளில் இருந்த முயலிடம் அவர் சொன்னார்:

"ஓடு, சீக்கிரம் ஓடு!"