பன்னிரண்டரைக்கு நடை சாத்துவார்கள்

வரதராஜுலு தந்தி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தாறு. அவருக்குக் கல்வெட்டுப் படிக்கக் கற்றுக்கொடுத்த அங்கயற்கண்ணிக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவர். இவர் அவரை டீச்சர் என்பார். அவர் இவரை ஐயா என்பார். குரு யார், சீடர் யார் என்பதில் இருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

நாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரையைச் சுற்றியுள்ள மலைகளுக்குப் போய்வந்தார்கள். வரதராஜுலுவின் மனைவி ரெங்கம்மாவும் கூடவே வருவாள். முழங்கால் வலி. மலை ஏற முடியாது. அடிவாரத்தில் காரிலேயே இருப்பாள்.

அவள் வருவது கிழக்கு ரோட்டில் உள்ள பெருமாள் கோயிலுக்காக. ஆனால் வெயில் ஏறுமுன் மலை ஏறிவிட வேண்டும் என்பது வரதராஜுலுவின் சட்டம். அதனால் மலை முதலில், கோயில் பிறகு. கோயிலில் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் ஐந்து மணிக்குத்தான் திறப்பார்கள். இவர்கள் ஒருநாளும் பன்னிரண்டரைக்குள் போய்ச் சேர்ந்ததில்லை.

இது கடைசி ஞாயிறு. மறுநாள் ரயில். வீட்டைக் காலி செய்துகொண்டு நாக்பூரில் மகனோடு இருக்கப் போகிறார்கள்.

காரில் போகும்போது வரதராஜுலு கேட்டார்.

"டீச்சர், ஒரு இடத்தை முழுசாப் பார்த்தாச்சுன்னு எப்போ சொல்லலாம்?"

டீச்சர் யோசித்துக்கொண்டிருந்தார். ரெங்கம்மா பின்சீட்டிலிருந்து சொன்னாள்.

"நடை திறந்திருக்கும்போது."

டிரைவர் சேவுகன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"இன்னிக்குக் கண்டிப்பாப் போயிரலாம், ரெங்கம்மா."

"இந்த வருஷம் மட்டும் பதினோரு தடவை இதையேதான் சொன்னீங்க. அந்தக் கதவுல எத்தனை குமிழ் இருக்குன்னு கேளுங்க, சொல்றேன்."

மலைக்குகையில் சமணத் துறவிகள் படுக்கப் பாறையில் வெட்டிய படுக்கைகள் இருந்தன. வரதராஜுலு அவற்றை ஏற்கெனவே இரண்டு முறை வந்து எண்ணியிருக்கிறார். முதல் முறை எட்டு வந்தது. அடுத்த முறை ஒன்பது. ஊரை விட்டுப் போகுமுன் அதைத் தீர்த்துவிட வேண்டும் என்று டேப்பும் நோட்டுமாக வந்திருந்தார்.

"ஐயா, மணி பதினொண்ணு."

"இதோ, டீச்சர். ரெண்டு படுக்கைதான்."

"ஐயா, பதினொண்ணு இருபது."

"இந்தத் தலைமேட்டை மட்டும் அளந்துட்டா முடிஞ்சது. அந்த நுனியைக் கொஞ்சம் பிடிங்களேன்."

டீச்சர் டேப்பின் நுனியைப் பிடித்தார். வரதராஜுலு எழுதி முடித்து அடுத்த படுக்கைக்கு நகர்ந்தார். டீச்சர் நுனியைக் கீழே வைத்துவிட்டு மலையிறங்கினார்.

அடிவாரத்துப் புளியமரத்தின் கீழ் கார் நின்றது. ரெங்கம்மா மடியில் துளசி மாலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க கிளம்புங்கம்மா. மணி பதினொன்றே முக்கால். இருபது நிமிஷத்துல போயிரலாம்."

"அவரு?"

"எண்ணிக்கிட்டிருக்கார்."

"விட்டுட்டா போகச் சொல்றே?"

"நான் இருக்கேன்."

ரெங்கம்மா மலையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.

"சேவுகா, வண்டியை எடுப்பா."

வரதராஜுலு இறங்கி வந்தபோது மணி பன்னிரண்டே கால். முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சர், எட்டரை! ஒண்ணைப் பாதி வெட்டிட்டு விட்டிருக்கான். அதான் ரெண்டு தடவையும் குழப்பிருச்சு." சுற்றுமுற்றும் பார்த்தார். "வண்டி எங்கே?"

"கோயிலுக்குப் போயிருச்சு."

"என்னை விட்டுட்டா?"

"என்னையும்தான்."

"என்ன டீச்சர் இது? நாளைக்கு ஊரை விட்டே போறேன். நானும் பெருமாளைச் சேவிக்க வேண்டாமா?"

"வேணும்தான்."

"அவ தனியா என்ன பண்ணுவா? முழங்கால் வேற முடியலை."

"சேவுகன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவார்."

வரதராஜுலு ரோட்டுக்குப் போய்ப் பார்த்தார். பஸ் எதுவும் வரவில்லை. திரும்பி வந்தார். டீச்சரின் போன் அடித்தது.

"சொல்லுங்கம்மா... சரிம்மா... சரி."

"என்ன சொல்றா?"

"பார்த்துட்டேன்னாங்க."

"அப்புறம்?"

"அழுதாங்க. வச்சுட்டாங்க."

 வரதராஜுலு வாட்சைப் பார்த்தார்.

"சரி, தரிசனம் ஆயிருச்சே. சீக்கிரம் வரச் சொல்லுங்க."

"கோயில் வாசல்ல உட்கார்ந்து மெதுவா வாங்கன்னு முதல்லயே சொல்லி அனுப்பிட்டேன்."

"அதுவரைக்கும்?"

டீச்சர் புளியமரத்தடியில் உட்கார்ந்தார். வேறு வழியில்லாமல் அவரும் உட்கார்ந்தார். வேர் குத்தியது. நகர்ந்து உட்கார்ந்தார். அங்கே எறும்பு. எழுந்தார். வெயில் சுட்டது. மறுபடி உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர் இல்லை. பாட்டில் காரில் இருந்தது. நோட்டைத் திறந்து எட்டரை என்று எழுதியதைப் பார்த்துவிட்டு மூடினார். கால் மணி நேரம் போனது. அவருக்கு ஒரு மணி நேரம் போல இருந்தது.

"டீச்சர், இது அநியாயம். இந்த இடத்துல என்னத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்றது?"

"எனக்கும் தெரியலை, ஐயா. நாலு வருஷத்துல நானும் கீழே உட்கார்ந்ததில்லை. அம்மா வரட்டும், கேட்போம்."