உண்ணி கோத்த மாலை

அந்தக் காலத்தில், நண்டும் தேளும் பூச்சியும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, கணுக்கணுவாகக் கால் வைத்த எல்லோர் உடம்புக்குள்ளும் ஒரு மணிமாலை இருந்தது. வட்ட மாலை, ஒரே முடிச்சு. உயிருக்குச் சூடு தருவது அதுதான். தாய் தன் மாலையைப் பார்த்து, அதே வரிசையில் மணி கோத்து, ஒவ்வொரு முட்டைக்குள்ளும் வைப்பாள். அப்பன்மாருக்கு அந்த வேலையில் பங்கே கிடையாது.

சடைச்சி என்ற உண்ணி, மாடு வருமா என்று புல் நுனியில் தொங்கிக் கிடந்தாள். மழை போய் வெயில் வந்து, மறுபடி மழையும் வந்துவிட்டது. கடைசியில் ஒரு செவலை மாடு உரசிக்கொண்டு போக, தாவி ஒட்டிக்கொண்டாள். வாய் வைக்கும் முன் மாலையைத் தளர்த்திக் கட்டிக்கொள்வது உண்ணிகளின் வழக்கம். அந்தப் பசியில் வழக்கமாவது ஒன்றாவது! குடித்தாள், குடித்தாள், ஆமணக்கு விதை அளவுக்கு ஊதினாள். உள்ளே மாலை பட்டென்று அறுந்தது.

தரையில் விழுந்தபோது உடம்பு குளிர ஆரம்பித்திருந்தது. முட்டையிடும் நேரமும் வந்துவிட்டது. சிதறிய மணிகளைக் கைக்கு வந்த வரிசையில் அவசரமாகக் கோத்தாள். மறுபடி அறுந்துவிடக் கூடாதே என்று இன்னொரு முடிச்சும் போட்டாள்.

அவளுடைய அக்கா மூக்காயி சுவர் இடுக்கில் குடியிருப்பவள், கொஞ்சமாகக் குடித்து உடனே இறங்கிவிடுகிறவள். அவள் வந்து பார்த்துப் பதறினாள்.

“என்னடி இது, வரிசையே மாறிக் கிடக்கு! கடல்ல இருக்கிற, குதிரை லாடமாட்டம் ஓடு வச்ச லாட நண்டுப் பெரியம்மாகூட இன்னும் மணியை மாத்திக் கோக்கல. இதைக் குடுத்தா உன் புள்ளைங்க முட்டைக்குள்ளயே குளுந்து செத்துரும்.”

சடைச்சிக்கும் பயம்தான். ஆனாலும் சொன்னாள்: “அக்கா, என்னைத் தொட்டுப் பாரு. சூடு இருக்கா இல்லையா?”

மூக்காயி தொட்டாள். இருந்தது.

“மணி ஒண்ணும் தொலையல, இடம்தான் மாறியிருக்கு. நான் கோத்ததைத்தான் என் புள்ளைங்களுக்குக் குடுப்பேன்.”

குவியல் குவியலாக முட்டையிட்டாள். எழுந்திருக்கத் தெம்பில்லாமல் பக்கத்திலேயே கிடந்தாள். ஒரு விடியலில் முட்டைகள் வெடித்தன. பொடிப்பொடியாக ஆறு கால் குஞ்சுகள் புல்லில் ஏறி, முன்னங்கால்களைத் தூக்கி ஆட்டின.

“எல்லாத்துக்கும் ரெண்டு முடிச்சாடி?” என்றாள் மூக்காயி.

“ஆமாக்கா, நான் போட்ட முடிச்சு” என்றாள் சடைச்சி. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று முதல்தான், மூக்காயி வம்சமும் லாட நண்டும் பழைய வரிசையிலேயே மணி கோத்துக்கொண்டிருக்க, சடைச்சி வம்சத்துப் பெண் உண்ணி ஒவ்வொன்றும் அவள் மாற்றிக் கோத்த மாலையை, இரண்டு முடிச்சோடு, மகள் வழியாகவே கொடுத்து வருகிறது.